அல்சர் என்று பெயர் வைத்த வருத்தம்

மூன்று வருடம் நான் உறைப்பில்லாத கறி சாப்பிட்டேன். சாப்பிட்டது நான்தான், ஆனால் அது உறைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உப்புக் குறைந்தால் பொறுத்துக்கொள்வோம், உறைப்புக் குறைந்தால் சமைத்தவரிடம் சுகமில்லையா என்று கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருத்தியின் நாக்கு எப்படிச் செத்தது, பிறகு எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இப்போது மனம் கொஞ்சம் சொல்வழி கேட்கிறது. கேட்கிற நேரத்தில் எழுதிவிட வேண்டும்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. நெடுந்தீவில் மருத்துவிச்சியாக வேலை செய்கிறேன். கடிதங்களில் குடும்ப நல உத்தியோகத்தர் என்று எழுதுவார்கள், ஊரில் மிஸ்ஸி என்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போவது, குழந்தைகளை நிறுப்பது என் வேலை. வேப்பமரக் கிளையில் தராசைக் கொழுவி, கீழே துணிப்பையில் பிள்ளையை வைத்துத் தொங்கவிடுவேன். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். நின்றதும் சத்தமாக வாசிப்பேன். தாய்மார் அந்த எண்ணைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த வாசிப்பில் எனக்கு அலுப்பு வந்ததில்லை.

பிறகு ஒரு தை மாதம் அலுப்பு வந்தது. அது அலுப்பும் இல்லை. முள் நின்றது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், வாசிக்கத் தோன்றவில்லை. "மிஸ்ஸி, எவ்வளவு?" என்று தாய் கேட்டாள். எண்ணைச் சொன்னேன். அது கூடினாலும் குறைந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று அந்தக் கணம் தெரிந்தது. அதுதான் முதல் நாள்.

ஏன் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான், ஒரு காரணத்தைக் காட்டிவிட்டால் மரியாதையாக இருக்கும். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் வரவில்லை. அம்மா போனபோது வரவில்லை. நல்ல மழை பெய்து, தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகள் எல்லாம் புல் மேய்ந்து கொழுத்திருந்த ஒரு தை மாதத்தில், வீட்டில் ஒரு குறையும் இல்லாத நேரத்தில் வந்தது. விடிய நான்கு மணிக்கு முழிப்பு வரும். எழும்ப ஏலாது. குளிப்பது, தலை வாரி இழுப்பது எல்லாம் மலை பிரட்டுகிற வேலையாக இருந்தது. சோறு வாயில் கிடக்கும், விழுங்க மறந்துவிடுவேன்.

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நாங்கள் பத்துக் கேள்வி கேட்பது வழக்கம். சிரிப்பான விசயத்துக்குச் சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொல்கிறீர்களா, இப்படிப் போகும். பதில்களுக்குப் புள்ளி இருக்கிறது. ஒரு எல்லையைத் தாண்டினால் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நாள் மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்தத் தாள் கையில் வந்தது. மனதுக்குள் நானே பதில் சொல்லிப் பார்த்தேன். எல்லை எங்கேயோ பின்னால் கிடந்தது. தாளை மடித்துத் திரும்பவும் லாச்சிக்குள் வைத்துவிட்டேன். எத்தனை பெண்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் நான். என் முறை வந்தபோது லாச்சியைப் பூட்டினேன்.

என் வருத்தத்தை, அதாவது நோயை, கண்டுபிடித்தது இவர்தான். என் கணவர் சிவநேசன், கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். அதிகம் கதைக்காத மனிதர், பொய் சொல்லத் துப்பில்லாதவர். அவர் சொன்ன ஒரு பொய்தான் இந்தக் கதை. அதை மூன்று வருடம் கழித்துத்தான் அறிந்தேன், ஆனாலும் வாசிக்கிறவர்களைக் காக்க வைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மெலிந்துகொண்டு போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புவனம் கடைக்கு வந்த இடத்தில் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, அக்காவுக்கு என்ன வருத்தம்?"

இவர் சீனி நிறுத்துக்கொண்டு நின்றவராம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "அல்சர்."

மனவருத்தம் என்று சொன்னால் என்னிடம் பிள்ளையைத் தூக்கித் தருவார்களா என்ற பயம் அவருக்கு. ஒரு சொல்தான், அது பின்னேரத்துக்குள் தீவைச் சுற்றி வந்துவிட்டது. அன்று தொடக்கம் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவை எல்லாம் வெள்ளைக் கறி, பால்கறி, வெந்தயக் கஞ்சி. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, இவரும் மிளகாய்த்தூள் போத்தலை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு அப்படியே சமைத்தார். சமையல் அப்போது அவர் கையில்தான் இருந்தது. "வயிறு எப்பிடி மிஸ்ஸி?" என்று வழியில் கேட்பார்கள். சாப்பிடாதவளைக் கேட்கிற கேள்விதானே என்று "பரவாயில்லை" என்பேன்.

பட்டினத்தில் மனநல டொக்டர் ஒருவரிடம் போகத் தொடங்கினோம். என்னைவிட வயது குறைந்த பெண், மெதுவாகக் கதைப்பவர். அவருடைய அறைக்கு வெளியே மரவாங்கில் இருக்கும்போது முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்வேன். மற்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். நெடுநாள் ஒன்றாக ஒரே வாங்கில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சனம் நாங்கள்.

முதல் வகைக் குளிசையை எட்டுக் கிழமை விழுங்கினேன். பயனில்லை, அளவைக் கூட்டினார். பயனில்லை, வேறொன்றுக்கு மாற்றினார். அதற்கும் மேல் இன்னொன்று சேர்த்தார். நடுவில் ஒரு மாதம் சற்று வெளித்தது, திரும்ப மூடிக்கொண்டது. கதைத்துச் சுகப்படுத்துகிற வைத்தியமும் செய்தார்கள். அதைச் செய்த பிள்ளை பாவம், நல்ல பிள்ளை, நான்தான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வகைக் குளிசையைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் மாறாவிட்டால் அதை இலகுவில் மசியாத மனச்சோர்வு என்பார்கள் என்று டொக்டர் சொன்னார். குளிசைக்கும் மசியாத பிடிவாதக்காரி என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது.

வீட்டில் இவர் பாயை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டுப் படுக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "காத்துக்கு" என்றார். கச்சான் காற்று வீட்டையே தூக்குகிற மாதம் அது. நான் எழும்பி வெளியே போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு விளங்கியது, ஆனால் வெட்கம்கூட வரவில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் என்னிடம் அப்போது இல்லை. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த நேரத்தில்தான் டொக்டர் கெட்டமின் என்ற மருந்தைப் பற்றிச் சொன்னார். அது மயக்க மருந்து. சத்திரசிகிச்சைக்கு ஆளை மயக்கப் பாவிப்பது. அதே மருந்தை மிகக் குறைந்த அளவில், நரம்பு வழியாக, நாற்பது நிமிடத்தில் மெதுவாக ஏற்றினால் சிலருக்கு இந்தச் சோர்வு சில மணித்தியாலத்திலேயே, அல்லது ஒரு நாளில் இளகும் என்றார். எல்லோருக்கும் இல்லை. இளகினாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது பிரஷர் கூடும், ஓங்காளம் வரும், தன் உடம்பு தன்னுடையது இல்லாத மாதிரித் தோன்றும். போதைக்குப் பாவிக்கிறவர்களும் இருப்பதால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மயக்க மருந்து டொக்டர் பக்கத்தில் நிற்கத்தான் கொடுப்பார்கள். கிழமைக்கு இரண்டு தரமாக மூன்று கிழமை, ஆறு தரம்.

"குளிசையள் போற பாதை உங்களுக்கு மூடியிருக்குது" என்றார் டொக்டர். "இது வேற ஒழுங்கையால போய்ப் பாக்கிறது. திறக்குமெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா தட்டிப் பாக்கலாம்."

இவர் அன்றிரவு கனடாவில் இருக்கிற என் தங்கையோடு போனில் கதைத்தார். அவள் தேடிப் பார்த்துவிட்டு நல்ல மருந்துதான், குதிரைக்கும் போடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். இவர் முகம் கறுத்துப் போய் வந்து இருந்தார்.

"இஞ்சரும், உது குதிரைக்குப் போடுற மருந்தாம்."

"அப்ப நெடுந்தீவாளுக்கு ஒத்துவரும்" என்றேன். பகிடி விட நினைத்துச் சொல்லவில்லை. சும்மா வந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு நான் ஒரு நிபந்தனை வைத்தேன்.

"ஆறு தரம் வாறன். அதுக்குப் பிறகு என்னை ஒண்டுக்கும் கேக்கக் கூடாது."

அதற்குப் பிறகு என்ன என்று நான் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியது.

"கேக்கமாட்டன்" என்றார்.

மருந்து ஏற்றிய அன்று லோஞ்சில் கடல் கடந்து தீவுக்குத் திரும்பக் கூடாது என்றார்கள். அதனால் கரம்பொனில் இவருடைய தமக்கை தவமணி மச்சாள் வீட்டில் மூன்று கிழமை தங்கினோம். காசுக் கதையை இங்கே நீட்டவில்லை. மருந்து மலிவு, அதைச் சுற்றியிருக்கிற கட்டிலும் கருவிகளும்தான் விலை. தங்கை அனுப்பினாள். செவ்வாயும் வெள்ளியும் நாள் குறித்தார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். "விரத நாளாப் பாத்துத்தான் வைச்சிருக்கினம், புண்ணியத்தோட புண்ணியம்" என்றார் மச்சாள். எங்கே போகிறோம் என்று அவருக்கு இவர் என்ன சொல்லி வைத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

விடிய ஓட்டோவில் மண்டைதீவுச் சந்தியைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடக்கும். வலைக் கம்புகள் தண்ணீரில் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. மூன்று வருடமாகப் பார்த்த எல்லாமே கண்ணாடிக்கு அப்பால் இருந்தது. கடலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் நிறுத்தார்கள். நிறைக்கு ஏற்றபடிதான் மருந்து. தாதி முள்ளைப் பார்த்து, "நாப்பத்தொண்டு" என்று சத்தமாக வாசித்தாள். ஊரை எல்லாம் நிறுத்தவள் நான், என்னை நிறுத்து யாரும் வாசித்துக் கேட்டதில்லை. கையில் ஊசி ஏற்றி, விரலில் ஒரு கவ்வி, புயத்தில் பிரஷர் பட்டி கட்டினார்கள். மயக்க மருந்து டொக்டர் வயதானவர். "சண்டைக் காலத்தில வேற ஒண்டும் இல்லாத நேரம் இதை வைச்சுத்தான் எத்தினையோ பேரை வெட்டித் தைச்சனாங்கள். இது எனக்குப் பழைய சிநேகிதன். பயப்பிடாதேங்கோ" என்றார். இவர் கால்மாட்டில் ஒரு கதிரையில் ஒரு பேசின் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாந்தி வரும் என்று யாரோ சொன்னதுதான், மூன்று கிழமையும் அந்தப் பேசினைக் கீழே வைக்கவில்லை.

முதலில் வாயில் ஒரு சுவையில்லாச் சுவை. பிறகு மின்விசிறியின் சத்தம் நீளத் தொடங்கியது. நீண்டு, தொலைவில் வரும் லோஞ்சின் இஞ்சின் சத்தமாகி, அதுவும் போய், வெறும் நீளமாக இருந்தது. என் கை கட்டிலில் கிடந்தது, ஆனால் அது வேறொரு வீட்டில் கிடந்தது. கூரை மேலே போனதா நான் கீழே போனேனா தெரியவில்லை. எங்கள் மேற்குக் கரையில் வத்துநீர் நேரம் கடல் பின்வாங்கிக்கொண்டே போகும், கல்லும் பாசியும் வெளியே தெரியும். அப்படி எல்லாம் என்னை விட்டுப் பின்வாங்கிப் போனது. பிறகு பார்த்தால் நான் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். துணிப்பைக்குள், கால்கள் வெளியே, நாற்பத்தொன்பது வயதுப் பிள்ளை. தலைக்கு மேலே தராசு. முள் சுழியத்தில் நிற்கிறது. கீழே ஒருவரும் இல்லை. நிறுத்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். காற்றும் இல்லை. பயம் என்று சொல்ல முடியாது. வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் தொங்குவது என்ற ஒரு பெரிய கவலை.

கண் திறந்தபோது இவருடைய பேசின் தெரிந்தது. நாற்பது நிமிடம் என்றார்கள். எனக்கு ஒரு மாரிகாலம் போய் வந்த மாதிரி இருந்தது.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது. பேசினுக்கு வேலை வந்தது, அவ்வளவுதான். தராசு அப்படியே தொங்கியது, முள் அசையவில்லை. டொக்டர் இவரிடம் ஒரு கொப்பி கொடுத்து ஒவ்வொரு நாளும் என்னில் கண்டதை எழுதச் சொல்லியிருந்தார். அலுமாரியில் துணி எடுக்கப் போனபோது அதைப் பார்த்தேன். சங்கக்கடை எழுத்தில், கோடு போட்டு, "நித்திரை: குறைவு. சாப்பாடு: அரைக் கோப்பை. சிரிப்பு: இல்லை." ஏழு நாளும் சிரிப்பு: இல்லை. என்னைவிட அதை எழுதிய கையைப் பற்றித்தான் ஏதோ தோன்றியது. தோன்றியது உடனே மறைந்தும்விட்டது.

மூன்றாவது முறை குதிரைகள் வந்தன. இவருடைய பேச்சு மனதில் கிடந்ததாக்கும். நான் பழையபடி மரத்தில் தொங்குகிறேன். தரவை வெளியில் அவை நிற்கின்றன, மெலிந்த, மண்ணிறக் குதிரைகள், ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையைப் போட்டபடி. அவசரமில்லாமல் ஒன்று நடந்து வந்தது. மூச்சு என் பாதத்தில் சுட்டது. மூக்கால் பையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனது. பை ஆடியது. மேலே முள்ளும் ஆடியது. யாரோ சத்தமாக வாசித்தார்கள், எந்த எண் என்று பிடிபடவில்லை, ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது வேலைக்குப் போகும்போது வருகிற என்னுடைய குரல்.

அடுத்த நாள் புதன்கிழமை மதியம். மச்சாள் சோறு போட்டு, விளைமீன் குழம்பு விட்டார். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

"மச்சாள், ஏன் உது உறைக்கேல்லை?"

இவருடைய கை சோற்றில் நின்றுவிட்டது. மச்சாள் அகப்பையோடு தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உமக்கு அல்சரெல்லோ" என்றார்.

"ஆருக்கு?"

"உமக்கெண்டுதான் இவன் சொன்னவன். கிழமைக்கு ரெண்டு தரம் வயித்துக்குள்ள கமரா விட்டுப் பாக்கினம் எண்டும் சொன்னவன். எனக்கும் யோசினைதான், வயித்துக்குள்ள அப்பிடி என்னத்தைத் தேடுகினம் எண்டு."

எனக்குக் கோபம் வந்தது. காது சூடேறி, நெஞ்சு படபடத்து, வாய் நடுங்கி வருகிற அசல் கோபம். மூன்று வருடமாக நான் யார்மீதும் கோபப்படவில்லை, அதற்குக்கூட உடம்பில் பலமில்லை.

"எத்தினை நாளா எனக்கு அல்சர்?" என்று இவரைக் கேட்டேன்.

"மூண்டு வருசம்" என்றார், சோற்றைப் பார்த்தபடி.

"ஊர் முழுக்கச் சொன்னனீங்களோ?"

"புவனத்துக்குத்தான் சொன்னனான்."

"அப்ப ஊர் முழுக்கத்தான்."

அகப்பையைப் பிடுங்காத குறையாக ஏசினேன். மூன்று வருடம் என்னை நோய்க்காரச் சோறு தின்ன வைத்ததற்கு ஏசினேன். என்னைக் கேட்காமல் என் வயிற்றுக்கு வருத்தம் வைத்ததற்கு ஏசினேன். தூள் போத்தல் எங்கே என்று கத்தினேன். மச்சாள் ஓடிப்போய் எடுத்து வந்தார். இவர் ஏச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏச ஏச அவருடைய முகம் வெளித்துக்கொண்டு போனது. எனக்கு அதுவும் கோபமாக இருந்தது. பின்னேரம் கொப்பியைப் பார்த்தேன். "சாப்பாடு: இரண்டு கோப்பை. கறி உறைக்கவில்லை என்று சொன்னார். என்னை அரை மணித்தியாலம் ஏசினார்." அதற்குக் கீழே ஒரு கோடு, கடையில் மாதக் கணக்கு முடித்தால் போடுகிற இரட்டைக் கோடு.

மச்சாளுக்கு அன்றே உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு நண்டு வாங்குவம்" என்றார்.

அதோடு எல்லாம் சரி என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. நாலாவதுக்குப் பிறகு இரண்டு நல்ல நாள். கடலில் நீல நிறம் இருப்பது தெரிந்தது, தேத்தண்ணீரில் சீனி தெரிந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு காலை எழும்பினால் பழைய சுவர் பழைய இடத்தில் நிற்கிறது. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். முன்பு வந்தபோது பயப்படவில்லை, அப்போது இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை பயந்தேன். இரண்டு நாள் ருசி பார்த்தவளுக்குப் பட்டினி அதிகம். டொக்டரிடம் அழுதேன்.

"வரும், போகும்" என்றார் அவர். "முந்தி வந்தா போகாது. இப்ப வந்தா போகுது. அந்த வித்தியாசத்தைப் பிடியுங்கோ."

ஆறாவது முடிந்தது. அன்று தராசு கனவில் வரவில்லை. வேப்பமர நிழல் மட்டும் வந்தது, அதன் கீழ் யாரும் தொங்கவில்லை. டொக்டர் எங்களை இருத்திவைத்துச் சொன்னார். குளிசையை விடக் கூடாது, கதைக்கிற வைத்தியத்துக்கு இந்த முறை வாயைத் திறக்க வேண்டும். மாதமொரு தரம் ஏற்றிப் பார்க்கலாம், ஏழாவதை அடுத்த மாதம் வைக்கலாம். "வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ் போகும்போதும் கேட்கவில்லை. மடத்துவெளியில் பஸ் நின்றபோது கச்சான் கடலை வாங்கித் தந்தார், கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்ன மனிதர்.

லோஞ்சில் புவனம் இருந்தாள். மடியில் சின்ன மகன். நான் நிறுத்த பிள்ளை, அவன் பிறந்தபோது புவனமும் சில மாதம் இருண்டு போயிருந்தாள். அந்தப் பத்துக் கேள்வியை அவளிடம் கேட்டு, கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிப் போனது நான்தான். என்னைக் கண்டதும் இடம் விட்டு இருந்தாள்.

"வயிறு எப்பிடி அக்கா?"

இவர் கடலைப் பார்த்தார். இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமே என்று நான் கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

"எனக்கு வயித்தில ஒண்டுமில்லைப் புவனம். மனவருத்தம். அதுக்குத்தான் மருந்து ஏத்திக்கொண்டு வாறன்."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டிருப்பார்கள். புவனம் மகனின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"தெரியும் அக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் என்னட்டைக் கேட்ட கேள்வியள் எல்லாம் எனக்குப் பாடம். உங்கட முகத்தைப் பாத்து நானே ஒவ்வொண்டாக் கேட்டுப் பாத்தனான். எங்கட பக்கத்து வீடுகளுக்கும் தெரியும். அண்ணை பாவம், அல்சர் எண்டு சொல்லிப்போட்டார். அவர் அப்பிடிச் சொன்னா எங்களுக்கும் அது அல்சர்தான்."

"அப்ப ஏன் எனக்கு உறைப்பில்லாமல் சமைச்சுத் தந்தனீங்கள்?"

"உறைப்புப் போட்டா நாங்கள் நம்பேல்லை எண்டு அண்ணைக்குத் தெரிஞ்சுபோகுமெல்லோ."

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆறு வீடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவது வழக்கம். புவனம் வீட்டு முற்றத்தில் ஒரே பானை. அதிலிருந்து எனக்கும் வந்திருக்கிறது.

"கூழ்?" என்றேன். "எனக்கெண்டு புறம்பாக் காச்சினனீங்களோ?"

"புறம்பாக் காச்சினா நீங்கள் புறம்பான ஆளெண்டு ஆகிப்போகும். முழுப் பானையும் அப்பிடித்தான் காச்சினது." அவள் சிரித்தாள். "ஆம்பிளையள்தான் முணுமுணுத்தவை."

மூன்று வருடம் ஆறு வீட்டுச் சனம் உறைப்பில்லாத கூழ் குடித்திருக்கிறது. ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். இந்த முறை மறைப்பதற்காக இல்லை, கடல் தண்ணீரும் தெறித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு புவனம் முற்றத்தில் கூழ். செத்தல் மிளகாய் அரைத்தது நான்தான், அம்மியில், கை எரிய எரிய. நண்டும் மீன் தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் கொதித்தன. புளிவிட்டு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றியபோது எழும்பிய ஆவியில் ஆறு வீடும் இருமியது. ஓலையில் மடித்த பிளாவில் எனக்குத்தான் முதலில் வார்த்தார்கள். எல்லோரும் குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தராசு முள்ளைப் பார்க்கும் தாய்மார் போல.

குடித்தேன். நாக்கு, தொண்டை, காது எல்லாம் பற்றிக்கொண்டது.

"காணும்" என்றேன். "உறைப்புப் போதும்."

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பிளாவை வாயில் வைத்தார்கள். இவர் என் பக்கத்தில் குந்தியிருந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "ஏழாவதுக்கு எப்ப போறம்?"

அவர் பிளாவை மண்ணில் வைத்தார். அது சரிந்து கூழ் சிந்தியது, பார்க்கவில்லை. சால்வையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என்ன அண்ணை?" என்று புவனம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"உறைச்சுப்போச்சு" என்றார்.

எங்கள் ஆறு வீடும் அதையும் நம்பியது.